வாவிக்கரையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள்: வைத்திருப்பதா, விற்பதா?

மட்டக்களப்பில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அது பெரும்பாலும் யாரோ ஒரு மகளின் வீடாக இருக்கும். எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும் வாவியின் இரு பக்கமும் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவதே வழக்கம். பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது முதலில் பேசப்படுவது வீடு. தாயும் தகப்பனும் தாங்கள் இருந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்புறத்திலோ பக்கத்துக் காணியிலோ இன்னொன்றைக் கட்டிக்கொண்டு இளைய பிள்ளைகளோடு போய்விடுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த ஒழுங்கு ஒன்றாகவே இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆய்வு செய்து எழுதியவற்றில் மிக விரிவாகப் பேசப்படும் விடயங்களுள் இதுவும் ஒன்று.

இந்த ஒழுங்கு ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. வீட்டைப் பெற்றவள் அந்த வீட்டிலேயே வாழ்வாள் என்பது அந்த நம்பிக்கை. 1983க்குப் பிறகு அது ஆட்டம் கண்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது உடைந்தே போனது. மகள்மார் லண்டனுக்கும் சுவிஸுக்கும் கனடாவுக்கும் போனார்கள். பறங்கியர் குடும்பங்கள் பல அதற்கு முன்பிருந்தே அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. காத்தான்குடி, ஏறாவூர்க் குடும்பங்கள் சில கொழும்போடும் வளைகுடா நாடுகளோடும் வாழ்க்கையைப் பிணைத்துக்கொண்டன. தாய் இருக்கும் மட்டும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. தாயும் போன பிறகு சாவி பக்கத்து வீட்டுக்குப் போனது.

இப்போது அந்த மகள்மாருக்கு ஐம்பது, அறுபது வயது. அவர்களுடைய பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்கப் போவதில்லை. வீட்டை வைத்திருப்பதா, விற்பதா என்ற பேச்சு எந்த வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பிலும் ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு முன் தீர்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது: எழுத்தில் அந்த வீடு யாருடையது? உப்புக் காற்றும் கறையானும் ஒரு வீட்டைத் தின்று முடிக்க இருபது வருடமாவது எடுக்கும். பெயர் தீராத வீட்டை ஒரே ஒரு மரணம் முடக்கிவிடும். வாவிக்கரையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் விற்கவும் முடியாமல், திருத்தவும் மனம் வராமல் நிற்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதே என் கணிப்பு.

வழக்கம் சொல்வதும் சட்டம் சொல்வதும்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை மட்டக்களப்புக்குச் செல்லாது. இங்கு ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் இருந்தது. முதுசச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் தாய்வழி முறை அது. சி. பிறிற்றோ அதைத் தொகுத்து 1876இல் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்த முறை நீதிமன்றத்தில் செல்வாக்கிழந்து போனது. இன்று மட்டக்களப்புத் தமிழர் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும் மிகுதி பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகவும் போகும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இஸ்லாமிய வாரிசுப் பங்கு பொருந்தும். அதில் மகனின் பங்கு மகளின் பங்கைப் போல் இரு மடங்கு. இரண்டு சட்டத்திலும் ‘வீடு மகளுக்கு’ என்ற ஊர் வழக்கத்துக்கு இடமில்லை. வழக்கம் சட்டத்தின் கண்ணில் படுவதற்கு நேரான வழி, தாய் உயிரோடு இருக்கும்போதே நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கொடுக்கும் நன்கொடை உறுதி.

அந்த உறுதியை எழுதாமல் விடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. கல்யாணப் பேச்சில் வாய்வார்த்தையாகச் சொல்லியாயிற்று, ஊர் அறியும், அண்ணன் தம்பி எதிர்க்கப் போவதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். செலவும் ஒரு காரணம். நன்கொடைக்கு முத்திரை வரி முதல் 50,000 ரூபாய்க்கு 3 வீதம், மிகுதிக்கு 2 வீதம். ஒரு கோடி பெறுமதியான வீட்டுக்கு அது 2 லட்சம் ரூபாயைச் சற்றுத் தாண்டும். அந்த 2 லட்சத்தை மிச்சம் பிடித்த குடும்பம் தாய் இறந்த மறுநாளே ஐந்து பங்காளிகளைக் கொண்ட குடும்பமாகிவிடுகிறது. இரண்டு பேர் கனடாவில், ஒருவர் இறந்துபோய் அவருடைய பிள்ளைகள் நோர்வேயில், ஒருவருடைய முகவரியே தெரியாது என்ற நிலையில் வீட்டை விற்க வேண்டுமானால் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மிஞ்சுவது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பாகப்பிரிவினை வழக்கு. அது ஆண்டுக் கணக்கில் இழுபடும். கடைசியில் வீடு ஏலத்துக்கும் போகலாம்.

வீட்டில் இருந்த மகள் ‘முப்பது வருடமாக நான்தானே இருக்கிறேன், இது எனக்குத்தான்’ என்று சொல்வதும் அவ்வளவு இலகுவில் எடுபடாது. லண்டன் பிரிவிக் கவுன்சில் 1911இல் கொறயா எதிர் அப்புஹாமி வழக்கில் கொடுத்த தீர்ப்பு இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. கூட்டு உரிமையாளர் ஒருவரின் ஆட்சி எல்லோருடைய ஆட்சியாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களைப் புறந்தள்ளிய ஒரு செயல் காட்டப்பட வேண்டும். பாசத்தோடு அண்ணனுக்கு மாம்பழமும் தேங்காயும் அனுப்பிக்கொண்டிருந்த தங்கை அதை எப்படிக் காட்டுவாள்?

படுவான்கரையில் சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. அங்குள்ள காணிகளில் பெரும் பகுதி உறுதிக் காணி அல்ல. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் காணி, அல்லது அளிப்புப் பத்திரம் பெற்ற காணி. பிரதேச செயலகத்தின் சம்மதமின்றி அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. விட்டுவிட்டுப் போனால் நிபந்தனை மீறப்பட்டதாகச் சொல்லிப் பெர்மிட்டை இரத்துச் செய்யவும் இடமுண்டு. இன்னும் வருத்தமான சங்கதி, அந்தச் சட்டத்தின் வாரிசு அட்டவணை நெடுங்காலம் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்து வந்தது. தாய்வழிச் சமூகம் ஒன்றின் மேல் கொழும்பில் எழுதப்பட்ட தந்தைவழிப் பட்டியல் அது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்கு முன் மகனுக்குப் போன காணிகள் போனவைதான்.

சுனாமிக்குப் பிறகும் இதே தவறு நடந்தது. 2004 டிசெம்பர் 26இல் நாவலடி, கல்லடி, டச்பார் கரைகளில் அழிந்த வீடுகளில் மிகப் பல பெண்களின் சீதன வீடுகள். மாற்று வீடும் நிவாரணமும் எழுதப்பட்டபோது குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களின் பெயர் ஏறியதை ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். திராய்மடு போன்ற மீள்குடியேற்றங்களில் வீடு பெற்றவர்களுக்குப் பழைய கடற்கரை வளவின் உரிமை போய்விடவில்லை. ஆகவே சில குடும்பங்களிடம் இன்று இரண்டு இடங்கள் இருக்கின்றன: பத்திரத்தில் கணவன் பெயரிலுள்ள ஒரு வீடு, தாயின் பெயரில் மண்ணாகக் கிடக்கும் ஒரு வளவு. விற்பதா என்ற கேள்வி இந்தக் குடும்பங்களில் கணவன், மனைவி, மனைவியின் சகோதரர் என மூன்று பக்கமும் இழுபடுகிறது.

பத்து வருடமும் முப்பது வருடமும்

வெளிநாட்டில் இருப்பவர்களின் பெரிய பயம், யாராவது வந்து குந்திக்கொண்டு வீடு தமக்கே என்று சொல்லிவிடுவார்களோ என்பது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து பத்து வருடம் ஆண்டவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். இதுவரை பலருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு அவ்வளவாகத் தெரிவதில்லை. அந்த ஆட்சி தொடங்கிய நேரத்தில் உரிமையாளர் கடல் கடந்து இருந்தால் பத்து வருடக் கணக்கு அவருக்கு எதிராக ஓடாது. ஆனால் எந்தத் தடை இருந்தாலும் முப்பது வருட ஆட்சி முடிவான சான்றாகிவிடும். 1990இல் ஊரை விட்டுப் போனவர்களுக்கு 2020உடன் முப்பது வருடம் கடந்துவிட்டது. ஆகவே ‘நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம், சட்டம் எங்களைக் காக்கும்’ என்ற ஆறுதலுக்கு இனிப் பெரிய பலம் கிடையாது.

போரால் தம் காணியை மீட்க வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது வழி செய்தது. வழக்கிடக் கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். செய்தி ஊர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே அவகாசம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. படுவான்கரையில் காணி வைத்திருந்து 1990இல் வெளியேறிய முஸ்லிம் குடும்பங்களும், எல்லைக் கிராமங்களிலிருந்து விரட்டப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் இதில் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. அடிவிலைக்கு எழுதிக் கொடுத்த காணிகளும் உண்டு, எழுதாமலே பறிபோன காணிகளும் உண்டு. இரு தரப்பு இழப்பையும் ஒரே நேர்மையோடு பதிவு செய்து தீர்க்கும் ஏற்பாடு இன்னும் வரவில்லை என்பது இந்த மாவட்டத்தின் ஆறாத காயங்களில் ஒன்று.

பயத்துக்கு நேரான மருந்து ஒன்று உண்டு. உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவரின் ஆட்சி அவருக்கு எதிரான ஆட்சி ஆகாது. முகவராகவோ காவலுக்கோ உள்ளே வந்தவர், தான் இனி அந்த நிலையில் இல்லை என்று வெளிப்படையாகக் காட்டாதவரை, எத்தனை வருடம் இருந்தாலும் உரிமை பெறமாட்டார் என்பது 1903இல் நாகூடா மரிக்கார் வழக்கில் வந்த பிரிவிக் கவுன்சில் தீர்ப்பு. ஆகவே காவலுக்கு இருப்பவரோடு ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்வது மிக முக்கியம். யாருடைய அனுமதியோடு, என்ன தேதியிலிருந்து, வாடகை இல்லாமல், எந்த வேலைகளுக்குப் பதிலாக இருக்கிறார் என்பது அதில் வர வேண்டும். சொந்தக்காரரிடம் கடதாசி கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் அந்தக் கடதாசி இரு பக்கத்தையும் காக்கிறது. பத்து வருடம் முற்றம் கூட்டி, கிணறு இறைத்து, கள்வரை விரட்டிய ஒரு மச்சாள் குடும்பத்தை, விற்பனை வந்ததும் ஒரே வாரத்தில் வெளியே போகச் சொல்வது கொடுமை. முன்கூட்டியே எழுதியிருந்தால் எத்தனை மாத அறிவித்தல், போகும்போது என்ன கைமாறு என்பதும் அதில் இருக்கும்.

சோலை வரியும் அப்படித்தான். மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டும் வரிப் பற்றுச்சீட்டு உரிமையை நிரூபிக்காது. ஆனால் யார் ஆண்டார் என்ற கேள்வி வரும்போது அது நீதிமன்றத்துக்கு வரும். காவலுக்கு இருப்பவர் தன் பெயரில் வரி கட்டி, அதே முகவரியில் வாக்காளர் பதிவும் செய்து, மின்சாரப் பட்டியலையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், பிற்காலத்துச் சண்டைக்கு அவர் கையில் ஒரு கோப்பு தயாராகிவிடுகிறது. வரியைக் கட்டாமலே விட்டுவிட்டால் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் சபைக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆளில்லாத வீட்டுக்கு என்ன நடக்கிறது

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கரையில் கட்டிய வீடுகளை இரண்டு பக்கத்து ஈரமும் தொடுகிறது. ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவமழை. வருட மழையின் பெரும் பங்கு இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. ஓடு ஒன்று நழுவி ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் இறங்கினால் சிலாகை உக்கும், அடுத்த வருடம் வளை இறங்கும். பீலியில் மாவிலை அடைத்தால் சுவர் ஊறும். பிளேட் போட்ட வீடுகளில் உப்பு ஈரம் உள்ளிறங்கிக் கம்பி துருவேறி ஊத, சீமெந்து வெடித்து விழும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடற்கரை மணலை நன்றாகக் கழுவாமல் கட்டிய வீடுகளில் இது விரைவில் வரும். மூடிய அறைகளில் கறையான் நிலையிலும் அலுமாரியிலும் ஏறுவதை, நாற்றம் வரும் வரை யாரும் அறியமாட்டார்கள். பழைய வீடுகளின் முதிரை நிலைகளும் கதவுகளும் கழற்றிக்கொண்டு போகப்படுவதும் உண்டு.

கிணறும் ஆள் புழக்கம் கேட்கும். இறைக்காத கிணற்றில் இலையும் குப்பையும் அழுகும். அயல் வீட்டுக் கிணற்றுக்கும் அதே நிலத்தடி நீர்தான். இதில் உயிர் ஆபத்தும் சேர்ந்தது டெங்கு. பருவமழைக்குப் பிறகு மட்டக்களப்பில் டெங்கு ஏறுவது வருடாவருடம் காணும் காட்சி. பூட்டிய வீட்டின் மலசலகூடத் தொட்டி, மேல் தண்ணீர்த் தாங்கி, சிரட்டை, பூச்சாடி, அடைத்த பீலி எல்லாம் நுளம்புக்கு விளைநிலம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவைத் துப்புரவாக வைத்திருக்கும் கடமையை உரிமையாளர் மேலும் குடியிருப்பவர் மேலும் வைக்கிறது. பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாரைத் தேடுவது? அடுத்த வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது சூரிச்சிலிருக்கும் உரிமையாளருக்கு அந்த வீடு ஒரு நினைவு, பக்கத்து வீட்டாருக்கோ அது ஓர் அபாயம். சட்டம் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியதென்று நான் நினைப்பது இதுதான்: தண்ணீர்த் தாங்கியைக் காலி செய்து கவிழ்ப்பது, மலசலகூடத் துவாரங்களை மூடுவது, கிணற்றுக்கு வலை போடுவது அல்லது கப்பி மீன் விடுவது, மழைக்கு முன் ஒருமுறையும் மழை விட்டதும் ஒருமுறையும் வளவை வெட்டித் துப்புரவாக்கச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது. அந்தச் செலவு பெரிதல்ல. பெரும்பாலான வளவுகளில் தென்னையே அதைக் கொடுத்துவிடும்.

வாடகைக்குக் கொடுக்கலாமே என்றால் பழைய பயம் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையாளரை எழுப்பவே முடியாது என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைக்கு ஊட்டிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது 1840 முதல் உள்ள விதி. அப்படி முறையாக எழுதிய குத்தகை முடிந்த பின் வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் சுருக்கமான வழியைத் திறந்தது. எழுதாமல் நம்பிக்கையில் கொடுத்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. வங்கி, ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர், பல்கலைக்கழக மாணவர் என்று வந்தாறுமூலை முதல் கல்லடி வரை வாடகைக்கு வீடு தேடுவோர் எப்போதும் இருக்கிறார்கள். ஆள் இருக்கும் வீடு பழுதாவது குறைவு. விற்க மனமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே.

விற்கத் தீர்மானித்தால்

வாங்குபவரின் சட்டத்தரணி கேட்கப்போவது தெரிந்ததே. முப்பது வருட உறுதிச் சங்கிலி, நில அளவையாளரின் புதிய வரைபடம், சபையிடமிருந்து உரிமைச் சான்றிதழும் வீதிக்கோட்டுச் சான்றிதழும், வரி நிலுவை இல்லை என்ற பற்றுச்சீட்டு, கட்டட அனுமதி. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் உள்ள வளவானால் கரையோரம் பேணல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கு வாங்குபவர் புதிதாகக் கட்ட நினைப்பதை அனுமதியின்றிச் செய்ய முடியாது. விலை பேச முன் இதைச் சொல்லிவிடுவது நேர்மை.

இடப்பெயர்விலும் சுனாமியிலும் உறுதி தொலைந்துவிட்டது என்று கலங்குவோர் பலர். கலங்கத் தேவையில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி மறுமாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ காணியின் பெயரோ தெரிந்தால் தேடிச் சான்றுப் பிரதி எடுக்கலாம். அப்படித் தேடும்போது வேறொரு காரியமும் ஆகும். தெரியாமல் யாராவது கள்ள உறுதி எழுதிப் பதிந்திருந்தால் அப்போதே வெளிப்படும். வெளிநாட்டு உரிமையாளர்களின் பூட்டிய வீடுகள் கள்ள உறுதிக்காரர்களுக்குப் பிடித்தவை. 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் பதிவுக்கே முந்துரிமை கிடைப்பதால், எழுதிய உறுதியைப் பதியாமல் பெட்டியில் வைத்திருப்பது எழுதாததற்குச் சற்று மேல், அவ்வளவே.

பிறகு அற்றோணித் தத்துவம். வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து விற்கும் வழி அது. தூதரகத்தில் முறையாக ஒப்பமிட்டுக் கொழும்பில் பதிவு செய்துகொள்ளலாம். வசதியானதுதான். ஆனால் ‘சகல காரியங்களுக்கும்’ என்று எழுதப்பட்ட பொதுத் தத்துவம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது வீட்டையே கொடுத்துவிடுவதற்கு ஒப்பானது. எந்தக் காணி, யாருக்கு, எந்த விலைக்குக் குறையாமல், பணம் எந்தக் கணக்குக்கு என்று எழுத வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அன்றோடு இறந்துவிடும். தாய் லண்டனில் காலமான பிறகு அவருடைய தத்துவத்தைக் காட்டி எழுதிய விற்பனை உறுதி, வாங்கிய அப்பாவியையும் விற்ற குடும்பத்தையும் சேர்த்தே நீதிமன்றத்துக்கு இழுக்கும்.

விலையில்தான் பல விற்பனைகள் முறிகின்றன. உரிமையாளர் வீட்டுக்கு விலை சொல்கிறார், வாங்குபவர் காணிக்கு விலை சொல்கிறார். நாற்பது வருடத்து வீட்டை இடித்துவிட்டுக் கட்டத்தான் அவர் நினைக்கிறார். தாய் நகை விற்றுக் கட்டிய மேல்மாடிக்கு அவர் பேர்ச் கணக்கில் ஒன்றும் சேர்ப்பதில்லை. நாணய மதிப்பும் கணக்கைக் குழப்புகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ரூபாயில் நல்ல விலையென்று தோன்றியது பவுண்டில் வெகுவாகக் குறைந்துவிட்டது. வெளிநாட்டு உறவினரே வாங்கட்டும் என்றாலும் தடையுண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை விற்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு விலக்கு உண்டு. உரித்தாளிக்கு மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ போவதற்கும் விலக்கு உண்டு. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தங்கை அக்காவின் பங்கை விலைக்கு வாங்க நினைத்தால் முதலில் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு தொடங்க வேண்டும்.

யாருக்கு விற்பது என்பது இன்னும் கனமான கேள்வி. காத்தான்குடியில் குடிசன நெருக்கம் நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டிய குடும்பங்களுக்குக் காணியே இல்லை. பக்கத்து ஆரையம்பதி, நாவற்குடா எல்லைகளில் ஒரு வளவு விற்பனைக்கு வந்தால் இரு ஊரும் கவனிக்கின்றன. தேசவழமையில் போலப் பங்காளிக்கு முந்தி வாங்கும் உரிமை இங்கு சட்டத்தில் இல்லை. சட்டப்படி உரிமையாளர் விரும்பியவருக்கு விற்கலாம். இரவோடிரவாகத் தரகர் மூலம் விற்றுவிட்டு விமானம் ஏறுவதால் வரும் கசப்பை அயலவர்கள் பல வருடம் சுமக்கிறார்கள். அயலாருக்கும் சொந்தத்துக்கும் முதலில் அறிவித்து, நியாயமான கால அவகாசம் கொடுத்து, பிறகு திறந்த விலைக்கு யாருக்கும் விற்பதே முறை என்று நான் கருதுகிறேன். இன்ன இனத்தாருக்கு விற்காதே என்ற கட்டளையை எந்த ஊர் போட்டாலும் அது தவறு. தன் மகளுக்கு வீடு தேடும் தகப்பனின் அவசரம் இரு ஊரிலும் ஒன்றுதான்.

வரிகளில் பூட்டிய வீட்டுக்கு ஒரு தனித் தண்டனை இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரி உண்டு. தனியாருக்கு 10 வீதமாக இருந்தது 2025 ஏப்ரலில் 15 வீதமானது. இலங்கையில் வசிப்பவர் மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து அதில் இரண்டு வருடமாவது தானே குடியிருந்த வீட்டை விற்றால் விலக்கு. பூட்டிப் போட்டவருக்கும் வெளிநாட்டில் வசிப்பவருக்கும் அந்த விலக்கு எட்டாது. 2017 செப்டெம்பர் 30இல் கையிலிருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்க விலை. அன்று 60 லட்சம் பெறுமதியாக இருந்த வீடு ஒரு கோடிக்குப் போனால் ஆதாயம் 40 லட்சம், வரி 6 லட்சம். அந்த 2017ஆம் ஆண்டுப் பெறுமதியைத் தகுதியான மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் எடுத்து வைப்பது பெரிய உதவி. முத்திரை வரி வாங்குபவருடையது: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம், ஒரு கோடிக்கு 3,99,000 ரூபாய். இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் விற்பவரையே கடிக்கும். புலம்பெயர்ந்தவரின் விற்பனைப் பணம் மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கு வழியாக, மத்திய வங்கி விதித்த எல்லைக்குள்தான் வெளியே போகும். உறுதியில் 40 லட்சம் எழுதிவிட்டு ஒரு கோடியை அனுப்பக் கேட்டால் வங்கி என்ன சொல்லும்?

மற்ற ஊர்களில்

இந்தச் சுமை மட்டக்களப்புக்கு மட்டுமானதல்ல. ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன, மொத்தத்தில் 13.8 வீதம். அங்கே கைவிட்ட வீட்டை அபாயமானதென்று நகரசபை அறிவித்தால், குடியிருப்புக் காணிக்குரிய வரிச் சலுகை பறிபோகும். கேரளத்தில் 2011 குடிசனக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன; வளைகுடாப் பணத்தில் எழும்பியவை பல. நமக்கு நெருங்கிய பாடம் செட்டிநாட்டில் இருக்கிறது. கானாடுகாத்தானிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஒரே மாளிகையில் ஆண்வழிப் பங்காளிகள் பல பேருக்கு உரிமை. எல்லோரும் ஒப்புக்கொண்ட சில வீடுகள் விடுதிகளாகி வாழ்கின்றன. ஒப்புக்கொள்ளாத வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன.

அந்த வகையில் மட்டக்களப்பு வழக்கத்துக்கு ஒரு மேன்மை இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு மகள் என்று தெளிவாகப் பிரித்துவிடும் முறை இது. கூட்டு உரிமை என்ற நோய்க்கு நம் தாய்மார் நூற்றாண்டுகளுக்கு முன்பே மருந்து கண்டுவிட்டார்கள். அதை எழுதிப் பதியாமல் விடுவதால்தான் செட்டிநாட்டுச் சிக்கலை நாமும் விலை கொடுத்து வாங்குகிறோம்.

வீட்டை விற்றால் ஊரே போய்விடும், கோயிலில் பேர் இருக்காது என்று அழுபவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் உரிமை குடிவழியாக வருவது. குடி தாயிடமிருந்து வருகிறது. கொக்கட்டிச்சோலைத் தேர் வடத்தைத் தொட வளவு உறுதி யாரும் கேட்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் விற்கும் முடிவு பாதி இலகுவாகும்.

வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் ஆடி அமாவாசையன்று வரும் மாமாங்கத் தீர்த்தமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவதால், ஊருக்கு வருபவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறார்கள். கையிலிருப்பது மூன்று, நான்கு வாரம். அந்தக் காலத்துக்குள் ஒரு விற்பனையை முடிக்க நினைத்தால் அவசர விலைதான் கிடைக்கும். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கவும், அளவையாளரைக் கொண்டு எல்லைக் கல் போடவும், காவலுக்கு இருப்பவரோடு உடன்படிக்கை எழுதவும் அது போதும். தாய் இன்னும் இருக்கிறாரென்றால் அவருக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு மகள் பெயரில் நன்கொடை உறுதி எழுதிப் பதியவும் போதும். தாய்க்குத் தன் காலம் வரை வீட்டில் இருக்கும் உரிமை குறையாது. வயல் வேலையும் வெளிநாட்டு வேலையுமாகப் பிரிந்திருக்கும் சகோதரர்கள் அதே விடுமுறையில் கூடியிருக்கும்போது அவர்களையும் சாட்சியாகக் கையெழுத்திடச் செய்யலாம். விற்பதா, வைத்திருப்பதா என்பதை அடுத்த வருடம் ஆறுதலாக முடிவு செய்யலாம்.